மிளகாய்களின் உறவுமுறை

சந்தையில் காய்கறிக் கடையின் முன் நின்று மிளகாய்களை மட்டும் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு கூடையில் விரல் நீளச் சிவப்பு மிளகாய் குவிந்திருக்கும். அதன் பக்கத்தில் சின்னஞ்சிறு சிலி பாடி. இன்னொரு தட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் பளபளக்கும் குடைமிளகாய். இம்மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய உறவு என்று கேட்டால், பெரும்பாலோர் நீள மிளகாயையும் சிலி பாடியையும் காட்டுவர். அவை இரண்டும் உறைக்கும், குடைமிளகாய் உறைக்காது. உருவத்திலும் அது தனியாகத்தானே நிற்கிறது?

உண்மையில், நீள மிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனம். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் தடவினால் தடையின்றிக் காய் பிடிக்கும். அதன் விதை முளைத்துச் செடியாகி மீண்டும் காய்க்கும். சிலி பாடியின் நிலை அவ்வளவு எளிதன்று. அப்பெயரில் விற்கப்படும் மிளகாய்களுள் சில அதே இனத்தைச் சேர்ந்தவை. சில வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. காயை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

எந்த மிளகாய்க்கு எது உறவு என்ற கேள்வி தாவரவியலாளர்களை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குழப்பியது. இதற்கான விடை அறிவியல் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. நோயால் மிளகாய் அழுகும்போது விவசாயிக்கு எங்கிருந்து உதவி வரும் என்பதும் இந்த உறவைப் பொறுத்தே அமைகிறது.

பெயரில் தொடங்கிய குழப்பம்

'மிளகாய்' என்னும் சொல்லைப் பிரித்தால் மிளகு, காய் என்று வரும். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பது பொருள். ஆனால், மிளகுக்கும் மிளகாய்க்கும் எந்த இரத்த உறவும் இல்லை. மிளகு தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கொடி. மிளகாயோ அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய செடி. இவற்றின் உறைப்புக்குக் காரணமான வேதிப்பொருள்கூட வேறு வேறு. மிளகில் இருப்பது பைப்பரின். மிளகாயில் இருப்பது கேப்சைசின்.

இந்தப் பெயர்க்குழப்பத்தில் கொலம்பஸுக்கும் பங்கு உண்டு. 1492-இல் அவர் மிளகு முதலிய நறுமணப் பொருள்களைத் தேடிக் கடலில் புறப்பட்டு, கரீபியத் தீவுகளை அடைந்தார். அங்கு வாழ்ந்த மக்கள் 'அஹி' என்று அழைத்த உறைப்பான காயை மிளகுக்கு நிகராகக் கருதினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மிளகைக் குறிக்கும் சொல்லே இக்காய்க்கும் வழங்கலாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதுவரை மிளகைக் கொண்டே சமையலில் காரம் சேர்த்துவந்த தமிழர், புதிய காய்க்கும் மிளகின் பெயரையே சூட்டினர். இலங்கைத் தமிழரிடையே வழங்கும் 'கொச்சிக்காய்' என்ற சொல்லோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது.

அப்படியானால் மிளகாயின் உண்மையான உறவினர் யார்? தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை. இவை அனைத்தும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கத்தரிப் பூவையும் மிளகாய்ப் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நட்சத்திரம்போல் விரிந்த இதழ்களில் குடும்ப முகச்சாயலைக் காணலாம். தக்காளியின் முன்னோரும் மிளகாயின் முன்னோரும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து தனித்தனி வழியில் சென்றதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

2014-இல் தென்கொரிய, சீன ஆய்வுக்குழுக்கள் மிளகாயின் முழு மரபுத்தொகுதியைத் தனித்தனியே படித்து வெளியிட்டன. அதன் அளவு வியப்பளித்தது. டி.என்.ஏ.வை எழுத்துகளால் ஆன நூலாகக் கொண்டால், தக்காளியின் நூலில் சுமார் 90 கோடி எழுத்துகள். மிளகாயின் நூலிலோ 300 கோடிக்கும் மேல். ஆயினும், மரபணுக்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை; ஒவ்வொன்றிலும் சுமார் 35,000. அப்படியென்றால் மிகுதியான பக்கங்களில் என்னதான் எழுதப்பட்டுள்ளது? தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் படியெடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள்தாம் அவற்றை நிரப்பியுள்ளன. தக்காளியிடமிருந்து பிரிந்த பிறகு மிளகாய் புதிய மரபணுக்களைப் பெரிதாகச் சேர்க்கவில்லை. பழைய வரிகளின் நகல்களே பெருகின.

இரண்டா, ஒன்றா, ஐந்தா?

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் மிளகாய்ப் பேரினத்துக்குக் 'கேப்சிகம்' என்று பெயரிட்டு, அதில் இரண்டு இனங்களைக் குறிப்பிட்டார். ஒன்று 'அன்னூம்'. ஓராண்டுச் செடி என்பது அதன் பொருள். மற்றொன்று 'ஃபுருட்டெசென்ஸ்', அதாவது புதர்போல் வளர்வது. பனி கொட்டும் ஐரோப்பாவில் மிளகாய்ச் செடி குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. அதனால் அது ஓராண்டுச் செடியாகத் தோன்றியது. நம் நாட்டில் வீட்டு வாசலில் ஒரே செடி ஆண்டுக்கணக்கில் காய்ப்பதைப் பார்த்திருந்தால் அவர் அப்பெயரைச் சூட்டியிருக்கமாட்டார்.

அடுத்து வந்த ஜாக்கின் என்னும் தாவரவியலாளர், 1776-இல் மற்றோர் இனத்துக்குச் 'சைனென்ஸ்' என்று பெயரிட்டார். சீனாவைச் சேர்ந்தது என்பது பொருள். அந்த இனத்தின் தாயகமோ அமேசான் பகுதி! பிழையான பெயர்கள் இரண்டும் இன்றுவரை நிலைத்துவிட்டன. ஒருமுறை முறைப்படி சூட்டிய அறிவியல் பெயரை, அதன் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மாற்றுவதில்லை.

அதன்பின் காயின் நீளம், நிறம், வடிவம் ஆகியவற்றை வைத்து ஆளுக்கொரு பெயர் சூட்டத் தொடங்கினர். பெயர்கள் பெருகின. இதற்கு எதிராக, 1923-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பெய்லி, பயிரிடப்படும் மிளகாய்கள் அனைத்தும் ஒரே இனம்தான் என்று அறிவித்தார். எல்லாமே பல ஆண்டுகள் வாழக்கூடிய செடிகள் என்பது அவர் காட்டிய காரணம். எண்ணற்ற பெயர்கள் ஒரே பெயரில் அடங்கின.

இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உண்மையைத் தேடியவர்கள் சார்லஸ் ஹைசர், பால் ஸ்மித் ஆகிய இருவர். 1950-களில் அவர்கள் காயைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டுச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து பார்த்தனர். நம் ஊர்களில் இரு குடும்பங்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை உண்டா என்று கேட்டு உறவை அறிவதுண்டு. ஏறக்குறைய அதே கேள்விதான் இதுவும். எந்தச் செடியின் மகரந்தத்தை எந்தச் செடி ஏற்கிறது? ஏற்றால் விதை உருவாகிறதா? விதை முளைத்தால் அந்தச் செடி மீண்டும் காய்க்கிறதா? இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளும் பூவின் அமைப்பும் சேர்ந்து ஒரு தெளிவைத் தந்தன. இன்று ஏறத்தாழ 40 மிளகாய் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதர் பழக்கிப் பயிரிடுபவை ஐந்து.

அன்னூம், சைனென்ஸ், ஃபுருட்டெசென்ஸ் ஆகிய மூன்றும் நெருங்கிய உறவு. நீள மிளகாய், குடைமிளகாய், ஹங்கேரியின் பாப்ரிக்கா ஆகியவை அன்னூம். உறைப்புக்குப் பெயர்பெற்ற ஹபனேரோ சைனென்ஸ். கேரளத்தின் காந்தாரி மிளகாயும் அமெரிக்காவின் தபாஸ்கோவும் ஃபுருட்டெசென்ஸ். இம்மூன்று இனங்களும் தமக்குள் ஓரளவு கலக்கும். பயிரிடப்படும் வகைகளில் பளிச்சென்று தெரியும் வேறுபாடுகள் காட்டு வகைகளில் மங்கிவிடுகின்றன. அவற்றை உண்மையிலேயே மூன்று இனங்களாகக் கொள்ள வேண்டுமா என்று கேட்ட அறிஞர்களும் உண்டு.

நான்காவது இனம் 'பக்காட்டம்'. பெருவின் சமையலில் இன்றியமையாத மஞ்சள் மிளகாய் இவ்வினத்தைச் சேர்ந்தது. வெள்ளை இதழ்களின் அடியில் மஞ்சள் அல்லது பச்சைப் புள்ளிகள் இருக்கும். இது முதல் மூன்றுக்கும் தூரத்து உறவு.

ஐந்தாவதான 'பியூபெசென்ஸ்' எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. ஆண்டிஸ் மலைநாட்டில் அதை ரொக்கோட்டோ என்பர். பூ ஊதா நிறம். இலையில் மெல்லிய மயிர். காய் சிறிய ஆப்பிள் போன்றது. பிளந்தால் உள்ளே கறுப்பு விதைகள். கறுப்பு விதையைக் கொண்டே அதைச் சிறு பிள்ளையும் இனங்காணலாம், ஏனெனில் மற்ற நான்கு இனங்களின் விதைகளும் வெளிர்மஞ்சள். அது குளிரைத் தாங்கும். தாழ்நில வெப்பத்தைத்தான் தாங்காது. தென்கிழக்காசியாவிலும் ஜாவாவின் மேட்டுநிலங்களில் மட்டுமே அது வேரூன்றியது. மற்ற நான்கு பயிர் இனங்களோடும் அது கலப்பதில்லை. பொலிவியாவில் ஊதாப் பூக்களோடு வளரும் சில காட்டு மிளகாய்களே அதன் நெருங்கிய சொந்தங்கள்.

பறவைகள் பரப்பிய குடும்பம்

கலப்பு முறைக்கு ஓர் எல்லை உண்டு. எது யாருக்கு உறவு என்று அது சொல்லும். யார் முதலில் பிரிந்தார், எங்கிருந்து வந்தார் என்று சொல்லாது. அதற்கு டி.என்.ஏ. தேவைப்பட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அன்று அறியப்பட்ட 35 இனங்களில் 34-இன் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு ஒரு குடும்ப மரத்தை வரைந்தது. இந்த ஒப்பீட்டின் அடிப்படை எளியது. இரண்டு இனங்கள் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தனவோ அவ்வளவு மிகுதியான எழுத்துமாற்றங்கள் அவற்றிடையே சேர்ந்திருக்கும். அரிதான ஒரே மாற்றம் இரண்டு இனங்களில் ஒரே இடத்தில் இருந்தால், அதை இரண்டும் ஒரே முன்னோரிடமிருந்து பெற்றிருக்க வாய்ப்பு மிகுதி.

மிளகாயின் தாயகம் பொலிவியா என்று முன்பு பலர் எண்ணினர். புதிய மரமோ, தென்னமெரிக்காவின் மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சுட்டியது. இன்றைய பெரு, எக்குவடோர், கொலம்பியா ஆகிய நாடுகள் அங்கு உள்ளன. அங்கிருந்து மிளகாய் இனங்கள் அமேசான் படுகையைச் சுற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் பரவின. மீண்டும் மேற்கே திரும்பின. பிறகு வடக்கே மத்திய அமெரிக்காவை அடைந்தன. எக்குவடோர் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள கலாபகஸ் தீவுகளில்கூட ஒரு காட்டு மிளகாய் இருக்கிறது. அது அன்னூம் கூட்டத்துக்கு நெருங்கிய உறவு.

செடிகள் நடப்பதில்லை. பிறகு எப்படி இவ்வளவு தூரம் சென்றன? காட்டு மிளகாயைப் பார்த்தால் விடை புரியும். அதன் காய் மிளகு அளவே இருக்கும், பழுத்தால் சிவக்கும், கிளையில் நிமிர்ந்து நிற்கும், தொட்டாலே காம்பை விட்டுக் கழன்றுவிடும். பறவைகளின் கண்ணுக்கும் அலகுக்கும் ஏற்ற அமைப்பு இது.

காரமும் இதற்குத் துணை செய்கிறது. பாலூட்டிகளின் உடலில் வெப்பத்தை உணரும் ஒரு புரதம் உண்டு. கேப்சைசின் அதைத் தூண்டும்போது வாய் எரிவதுபோல் உணர்கிறோம். டேவிட் ஜூலியஸ் இந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்தார். 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் அத்தகைய புரதம் உண்டு. ஆனால், கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. எனவே, கிளி கூச்சமின்றி மிளகாய் தின்னும். 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டியூக்ஸ்பரி, நபான் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதன் பயனைக் காட்டியது. காரமற்ற மிளகாயை எலியினங்களுக்குக் கொடுத்தபோது, அவை கடித்து விழுங்கிய விதைகள் முளைக்கவில்லை. பறவையின் வயிற்றைக் கடந்து வந்த விதைகளோ நன்றாக முளைத்தன. விதையைக் கெடுக்கும் வாயை விரட்டி, பரப்பும் வாயை வரவேற்பதே காரத்தின் வேலை. பூஞ்சையிடமிருந்து விதையைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்று பொலிவியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

குடும்ப மரத்தின் அடியில் முதலில் பிரிந்த ஆண்டிஸ் கிளை இனங்களிடம் காரம் இல்லை. அவற்றுக்குக் குரோமோசோம்களும் 13 இணைகள். பயிரிடப்படும் ஐந்து இனங்களுக்கும் 12 இணைகள். மிளகாய்க் குடும்பம் தோன்றியபோது உறைப்பில்லாமல் இருந்து, பின்னரே காரத்தைப் பெற்றது என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

மனிதர் வந்த பிறகு காய்கள் மாறின. எக்குவடோரின் தென்மேற்குப் பகுதியில், சுமார் 6,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரைகல்லிலும் சமையல் பானையிலும் மிளகாயின் மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தனர். ஐந்து இனங்களும் ஒரே இடத்தில் பழக்கப்படவில்லை. அன்னூம் மெக்சிகோவில், சைனென்ஸ் அமேசான் பகுதியில், பியூபெசென்ஸ் ஆண்டிஸில் என வெவ்வேறு மக்கள் வெவ்வேறு இடங்களில் அவற்றைப் பழக்கினர். எல்லாரும் விரும்பியதோ ஒன்றுதான்: பெரிய காய், எளிதில் உதிராத காய். நிமிர்ந்து நின்ற காய்களும் பெரிதாகித் தொங்கத் தொடங்கின. தூரத்து உறவான இனங்களும் இதனால் ஒன்றுபோல் தோன்றலாயின. உருவத்தை நம்பிய பழைய தாவரவியலாளர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

தனித்தனியே உடைந்த ஒரு மரபணு

குடைமிளகாய் ஏன் உறைப்பதில்லை? கேப்சைசின், விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில் உருவாகிறது. (காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். விதை அந்தத் தசையைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் உறைக்கிறது.) அதை உருவாக்க 'பன்-1' என்னும் மரபணு இன்றியமையாதது. 2005-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடைமிளகாயில் அந்த மரபணுவின் முற்பகுதி அறுந்துபோயிருப்பதைக் கண்டனர். சுமார் 2,500 எழுத்துகளைக் காணவில்லை.

சைனென்ஸ் இனத்திலும் காரமற்ற மிளகாய்கள் சில உள்ளன. அவற்றிலும் அதே மரபணுதான் பழுது. ஆனால், அங்கு விடுபட்டவை வெறும் 4 எழுத்துகள். ஃபுருட்டெசென்ஸ் இனத்தில் காரமற்ற மிளகாயை ஆராய்ந்தபோது அந்த மரபணு இன்னொரு விதமாக உடைந்திருந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரே பாட்டியிடமிருந்து மூன்று பேத்திகள் ஆளுக்கொரு பித்தளைக் குடம் பெற்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியின் குடத்தில் கழுத்து நசுங்கியிருக்கிறது. மற்றொருத்தியின் குடத்தில் ஊசித்துளை. இன்னொருத்தியின் குடத்தில் அடி விண்டிருக்கிறது. குடம் பாட்டி தந்தது; பழுது அவரவர் வீட்டில் நேர்ந்தது. அதுபோல், பன்-1 மரபணு மூன்று இனங்களும் பொது முன்னோரிடமிருந்து பெற்ற சொத்து. அது கெட்டதோ, அவை பிரிந்த பின் தனித்தனியே நடந்தது. காரமின்மை என்ற ஒற்றுமையை மட்டும் வைத்து இவற்றை ஒரே கிளையில் சேர்த்திருந்தால் தவறாகியிருக்கும்.

குடைமிளகாய்ச் செடியை உறைப்பு மிளகாய்க்குப் பக்கத்தில் நட்டால் குடைமிளகாயும் உறைக்கும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை. காயின் தசை தாய்ச்செடியின் பகுதி; வெளி மகரந்தம் அதை மாற்றாது. கலந்து உருவான விதையை அடுத்த பருவத்தில் நட்டால்தான் வேறுபாடு தெரியும். அந்தச் செடியின் காய் உறைக்கும், ஏனெனில் பன்-1 மரபணுவின் ஒரு நல்ல படி இருந்தாலே காரம் உருவாகிவிடும்.

அசாமில் நடந்த கலப்பு

வடகிழக்கு இந்தியாவில் அசாம், நாகாலாந்து, மணிப்பூர் மாநிலங்களில் 'பூத் ஜொலோக்கியா' என்னும் மிளகாயைப் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வருகின்றனர். அதன் ஒரு சிறு துண்டு ஒரு பானைக் குழம்புக்குப் போதும். மிளகாயின் உறைப்பை அளக்க அமெரிக்க மருந்தாளுநர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த அலகு இன்றும் வழக்கில் உள்ளது. 2000-இல் அசாமின் தேஜ்பூரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், அப்பகுதி மிளகாய் ஒன்று 855,000 ஸ்கோவில் அளவு உறைப்பதாக அறிவித்தனர். அதை அவர்கள் ஃபுருட்டெசென்ஸ் இனத்தில் சேர்த்தனர். வேறு சிலரோ அது சைனென்ஸ் என்றனர்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் போஸ்லாந்தும் அவருடைய சக ஆய்வாளரும் அதன் விதையை வளர்த்து ஆராய்ந்தனர். பூவிலும் காயிலும் இரண்டு இனங்களின் அடையாளங்களும் தென்பட்டன. டி.என்.ஏ. சோதனை முடிவைச் சொன்னது. அது அடிப்படையில் சைனென்ஸ். ஆனால், ஃபுருட்டெசென்ஸ் இனத்தின் சில துண்டுகளும் அதில் கலந்திருந்தன. 2007-இல் வெளியான அந்த ஆய்வில் உறைப்பு 1,001,304 ஸ்கோவில் என்று பதிவாயிற்று. கின்னஸ் நிறுவனம் அதை அப்போதைய உலகின் மிகக் காரமான மிளகாயாக ஏற்றது. இரு தரப்பினரும் முழுவதும் தவறு என்று சொல்ல முடியாது. அமெரிக்க மண்ணில் பிரிந்த இரண்டு சொந்தங்கள், கடல் கடந்து வந்து, இந்தியத் தோட்டத்தில் மீண்டும் சம்பந்தம் செய்துகொண்டன.

நோய்க்கு உதவும் சொந்தம்

மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து போன்ற நாடுகளில் மழைக்காலத்தில் மிளகாய்த் தோட்டத்துக்குச் சென்றால், பழுத்த காய்களில் குழிந்த கரும்புள்ளிகளைக் காணலாம். ஆந்திரக்நோஸ் எனப்படும் பழ அழுகல் நோய் அது. ஒருவகைப் பூஞ்சை அதற்குக் காரணம். மழைத்துளி தெறிக்கும்போது நோயும் தெறித்துப் பரவும். காய் செடியில் நன்றாக இருந்து, பறித்த பின் கூடையில் அழுகுவதும் உண்டு. மருந்து தெளிக்கலாம், அதற்குப் பணம் வேண்டும், அடுத்த மழை அதைக் கழுவியும் விடும். செடியே நோயை எதிர்த்தால்தான் விவசாயி நிம்மதியாக இருக்க முடியும்.

ஆனால், நாம் மிகுதியாகப் பயிரிடும் அன்னூம் வகைகளில் இந்நோய்க்கு வலுவான எதிர்ப்பு அரிது. மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் சென்றது ஒரு சிறு பங்கு விதைதான். அதிலும் பெரிய காய், நல்ல நிறம் என்று மனிதர் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்கப் பல மரபணுக்கள் விடுபட்டுப்போயின. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தின் விதைக் கருவூலத்தில் சுமார் 8,000 மிளகாய் மாதிரிகள் உள்ளன. அவற்றைச் சோதித்தபோது, சைனென்ஸ் இனத்தின் ஒரு வகையிலும் பக்காட்டம் இனத்தின் சில வகைகளிலும் நல்ல எதிர்ப்பாற்றல் தென்பட்டது.

சைனென்ஸ் நெருங்கிய உறவு. அதன் எதிர்ப்பாற்றலை அன்னூமுக்குக் கொண்டுவர முடிந்தது. பக்காட்டம் அப்படியல்ல. அதை அன்னூமோடு கலந்தால் காய் பிடிக்கும். உள்ளே கரு முதிராமல் மடிந்துவிடும். தப்பிப் பிழைத்த செடியும் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். இங்கேதான் குடும்ப மரம் வழிகாட்டியாகிறது. பக்காட்டத்தை முதலில் சைனென்ஸோடோ ஃபுருட்டெசென்ஸோடோ கலந்து, அதில் பிறந்த செடியை அன்னூமோடு கலக்கலாம். நேரடியாகப் பேசிக்கொள்ளாத இரு வீட்டாருக்கிடையே பொதுவான உறவினர் ஒருவர் நின்று பேசி முடிப்பதைப் போன்றது இது. மற்றொரு வழி, மடியும் நிலையிலுள்ள கருவைக் காயிலிருந்து பிரித்தெடுத்து, சத்துக்கூழில் வைத்துச் சோதனைக்கூடத்தில் வளர்ப்பது. ஸ்பெயினின் வலென்சியா ஆய்வாளர்கள் இரண்டு வழிகளிலும் வெற்றி கண்டதை 2015-இல் வெளியிட்டனர். அதற்குப் பிறகும் வேலை முடியாது. வேண்டாத பண்புகள் நீங்கும்வரை, கலப்புச் செடியை அன்னூமோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். ஒரு புதிய வகை விவசாயியின் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

இதனால் காட்டு மிளகாய்க்கும் மதிப்பு கூடியுள்ளது. அன்னூமின் காட்டு வடிவமான சில்டெப்பின், மெக்சிகோவில் தொடங்கி அமெரிக்காவின் தென் எல்லைவரை வளர்கிறது. அதன் வட எல்லையில், அரிசோனா மாநிலத்தின் துமாகாகொரி மலைப்பகுதியில், 1999-இல் சுமார் 2,500 ஏக்கர் வனநிலத்தைக் காட்டு மிளகாய்க்கென்றே ஒதுக்கினர். அங்கு யாரும் விதைப்பதில்லை. வளைந்த அலகுடைய ஒருவகைப் பறவை பழத்தை விழுங்கி, வெயிலுக்கு ஒதுங்கிப் புதர்களின் நிழலில் அமர்கிறது. செடிகள் அந்த நிழலில்தான் முளைக்கின்றன.